கடுக்காயும் மெழுகுவத்தியும்: வீட்டுப் பொருள்களில் அறிவியல் சோதனை செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

இந்த வருடம் முதல்முறையாக அறிவியல் பாடம் எடுக்கப்போகிற ஆசிரியர், சாயங்காலம் திண்ணையில் நான்கைந்து பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தரும் அக்கா, லீவு நாளில் பிள்ளையைச் செல்போனிலிருந்து எழுப்ப வழி தேடும் அப்பா அம்மா என்று இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் 17 வருடமாக அறிவியல் எடுக்கிறேன். ஆய்வகம் இருந்த பள்ளியிலும் வேலை பார்த்திருக்கிறேன், பீரோவில் இரண்டு உடைந்த சோதனைக் குழாய் மட்டும் இருந்த பள்ளியிலும் பார்த்திருக்கிறேன். கீழே சொல்லும் எல்லாவற்றையும் பிள்ளைகளோடு பலமுறை செய்து பார்த்துவிட்டேன். அதனால் எது எங்கே சொதப்பும் என்பதும் தெரியும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் மெழுகுவத்தி என்பேன்.

முதல் நாள்: மெழுகுவத்தியும் டீக்கடை கிளாஸும்

ஒரு தட்டு, கிளாஸைவிடக் குட்டையான மெழுகுவத்தி மூன்று, டீக்கடையில் பயன்படுத்தும் கண்ணாடி கிளாஸ், கொஞ்சம் தண்ணீர், அதில் கலக்க இரண்டு துளி சொட்டு நீலம். இவ்வளவு போதும்.

1. உருகிய மெழுகை இரண்டு சொட்டு தட்டின் நடுவில் விட்டு, அதன்மேல் ஒரு மெழுகுவத்தியை நிமிர்த்தி நிறுத்துங்கள்.
2. தட்டில் அரை விரல் உயரத்துக்கு நீல நீரை ஊற்றுங்கள்.
3. மெழுகுவத்தியைக் கொளுத்தி, சுடர் நிலையாக நிற்கும்வரை பொறுங்கள்.
4. கிளாஸைக் கவிழ்த்து மூடுங்கள்.

சில நொடிகளில் சுடர் அணையும். தட்டில் இருக்கும் தண்ணீர் கிளாஸுக்குள் ஏறும். பிள்ளைகள் "ஐ!" என்பார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இதுதான்: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்தது, காலியான இடத்துக்குத் தண்ணீர் வந்தது. நானும் முதல் மூன்று வருடம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "இன்னா சார், நெருப்பு எரியச் சொல்லோ தண்ணி ஏறவே இல்லியே, அணைஞ்ச அப்புறம்தானே ஏறிச்சி?" என்று கேட்டாள். நான் திரும்பச் செய்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஆக்சிஜன் தீரத் தீரத் தண்ணீர் ஏறுவதாக இருந்தால், சுடர் எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும். ஆனால் சுடர் அணைந்த பிறகுதான் 'விர்'ரென்று ஏறுகிறது.

அன்று அவளோடு சேர்ந்து செய்த வேலையை இப்போது எல்லா வகுப்பிலும் செய்கிறேன். நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில், கிளாஸைக் கவிழ்க்கும் நொடியில் அதன் விளிம்பை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழ் வெளியேறும். சுடரின் சூட்டில் விரிந்த காற்று தப்பிப் போகிறது. அடுத்து, மற்ற எதையும் மாற்றாமல் மெழுகுவத்தியை மட்டும் மூன்றாக்குங்கள். அதே கிளாஸ், அதே அளவு தண்ணீர். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் தண்ணீர் அதே உயரம்தான் ஏற வேண்டும், ஏனென்றால் கிளாஸில் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான். ஆனால் இன்னும் உயரமாக ஏறும். கடைசியாக மெழுகுவத்தியே இல்லாமல் செய்யுங்கள். டீ குடிக்கும் சூட்டில் வெந்நீரைக் கிளாஸ் நிறைய ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, கொட்டிவிட்டு, சூடு ஆறுமுன் தட்டு நீரில் கவிழுங்கள் (இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்). எதுவுமே எரியவில்லை, ஆனாலும் கிளாஸ் ஆற ஆறத் தண்ணீர் மெல்ல உள்ளே ஏறும்.

ஆக, முக்கியக் காரணம் சூடு. சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவாவது உண்மைதான். ஆனால் சுடர் அணையும்போது அது முழுக்கத் தீர்ந்துவிடுவதில்லை. செலவான ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வருகின்றன. அந்த நீராவிதான் கிளாஸின் உள்பக்கம் பனிபோலப் படிகிறது. விரலால் தடவிக் காட்டுங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தண்ணீர் ஏறுவதைக் காட்டிவிட்டு விளக்கம் சொல்லி முடித்தால் அது வித்தை. மூன்று மெழுகுவத்தி வைத்துப் பார்க்கும்போதுதான் அது சோதனை ஆகிறது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை எல்லாம் அப்படியே வைத்து, திரும்பவும் பார்ப்பது. கீழே வரும் ஒவ்வொன்றிலும் இந்த இரண்டாவது தடவைதான் முக்கியம். நேரம் குறைவாக இருந்தால் ஐந்து சோதனை காட்டுவதைவிட ஒன்றை ஐந்து விதமாகச் செய்யுங்கள்.

நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு சோதனைக்கும் நான்கு வரி: தேதியும் நேரமும், எதை மாற்றினேன், என்ன ஆகும் என்று நினைக்கிறேன், என்ன ஆனது. மூன்றாவது வரியைச் சோதனைக்கு முன்பே பேனாவில் எழுதிவிட வேண்டும். பென்சில் வேண்டாம். நம் பிள்ளைகள் தப்பாக எழுதியதை அவசரமாக அழித்துவிடுவார்கள். தப்புக்கு அடி வாங்கிய பழக்கம் அது. நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் "ஏன்?" என்ற கேள்வி வரும். நான் அந்த வரிக்கு மார்க் போடுவதே இல்லை.

எங்கே வாங்குவது, எதைத் தொடவே கூடாது

பெரும்பாலானவை சமையலறையிலேயே இருக்கும்: மஞ்சள்தூள், கல்லுப்பு, ஆப்ப சோடா, எலுமிச்சை, டீத்தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு. வெளியில் வாங்க வேண்டியது கடுக்காயும் வினிகரும் மட்டும். கடுக்காய் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். வேலூரில் இருப்பவர்கள் லாங்கு பஜார் பக்கம் போனால் ஒரே நடையில் எல்லாம் முடிந்துவிடும். சொட்டு விடுவதற்கு இங்க் ஃபில்லர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கண்டிப்பாக வேண்டாம் என்பவை. கழிவறை கழுவும் ஆசிடையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்த்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைக் கெடுக்கும் நச்சு. இவை இரண்டும் சோதனைப் பெட்டிக்குள் வரவே கூடாது. சுவர் ப்ளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்தச் சோதனையும் வேண்டாம், டார்ச் செல் மட்டும்தான். தீக்குச்சி மருந்தைச் சுரண்டிச் சேர்த்து வெடிக்கவைக்கும் விளையாட்டு நம் பக்கத்தில் பிள்ளைகளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழில் இருப்பதால் மருந்து என்றால் என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை முளையிலேயே நிறுத்துங்கள். நெருப்பு வைக்கும் நாளில் துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். சோதனைக்கு எடுத்த எதையும் பிறகு வாயில் வைக்கக் கூடாது, அது எலுமிச்சையாக இருந்தாலும் சரி.

மஞ்சள், ஆரத்தி, சங்குப்பூ

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பதை நம் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதையே காகிதத்தில் பிடித்துவைத்தால் காரத்தைக் காட்டும் தாள் தயார். ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கால் டம்ளர் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசி நிழலில் உலர்த்துங்கள். மஞ்சளில் இருக்கும் நிறப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது. அடர்த்தியாக வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பதில் கை கழுவும் சானிடைசரில் குழையுங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

தாளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, துணி சோப்பு நீர், சுண்ணாம்புத் தெளிவு, ஆப்ப சோடாக் கரைசல், எலுமிச்சைச் சாறு, மோர் என்று ஒவ்வொரு சொட்டு விட்டுப் பாருங்கள். சோப்பும் சுண்ணாம்பும் செங்காவி நிறத்துக்கு மாற்றும். ஆப்ப சோடாவில் லேசாகத்தான் மாறும். எலுமிச்சையிலும் மோரிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சள் திரும்பி வரும். வெள்ளைச் சட்டையில் சாம்பார் பட்ட இடம் சோப்புப் போட்டதும் சிவப்பது ஏன் என்று கேளுங்கள், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அதைப் பெரியவர் கையில் வைத்துக்கொண்டு குச்சியில் தொட்டுக் கொடுங்கள்.

மஞ்சள்தாளுக்கு ஒரு குறை இருக்கிறது. அமிலத்துக்கும் வெறும் தண்ணீருக்கும் அது வித்தியாசம் காட்டாது. அதற்குத்தான் சங்குப்பூ. பதினைந்து நீலச் சங்குப்பூவை அரை டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். நீலச்சாறு கிடைக்கும். எலுமிச்சை விட்டால் ஊதா, ஆப்ப சோடா விட்டால் பச்சை கலந்த நீலம். வேலியோரம் பூக்கும் பூ, காசு செலவில்லை.

நம் தெருத் தண்ணீர் எவ்வளவு கடினம்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஏனென்றால் இதன் விடை எனக்கே முன்னால் தெரியாது. வேலூர் பக்கம் ஒரே தெருவில் நான்கு விதத் தண்ணீர் கிடைக்கும்: காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாயில் வருவது, போர் தண்ணீர், கேன் தண்ணீர், பாலாற்று ஓரம் இருப்பவர்களுக்கு மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீர். மழை பெய்தால் ஐந்தாவதும் உண்டு.

குளியல் சோப்பைச் சீவி ஒரு ஸ்பூன் எடுத்து, ஒரு டம்ளர் மழை நீரிலோ ஆர்.ஓ. நீரிலோ கரைத்துக்கொள்ளுங்கள். ஷாம்புவும் துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம். அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்படி செய்தவை. சோதனை அங்கேயே கெட்டுவிடும்.

ஒரே மாதிரியான பாட்டில்களில் ஒவ்வொரு தண்ணீரையும் ஒரே அளவு, அரை டம்ளர், ஊற்றுங்கள். இங்க் ஃபில்லரால் சோப்புக் கரைசலை ஐந்து சொட்டு விட்டு, மூடி, பத்து எண்ணும்வரை குலுக்குங்கள். நுரை ஒரு நிமிடம் நிற்கிறதா? இல்லையென்றால் இன்னும் ஐந்து சொட்டு. நுரை நிற்கும்வரை மொத்தம் எத்தனை சொட்டு ஆனது என்பதுதான் உங்கள் அளவு. சொட்டு கூடக் கூடக் கடினத்தன்மை அதிகம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளை அழுக்குபோலத் திரிந்துவிடும். அவை தீர்ந்த பிறகு விடும் சோப்புதான் நுரைக்கும். போர் தண்ணீரில் குளித்தால் தலைமுடி பிசுபிசுப்பதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இந்த உப்புகளால்தான்.

இனி இரண்டாவது தடவை. அதே போர் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, திரும்பவும் சொட்டு எண்ணுங்கள். சில வீட்டுத் தண்ணீரில் எண்ணிக்கை நன்றாகக் குறையும். சிலதில் அசையவே அசையாது. பைகார்பனேட்டாகக் கரைந்த கால்சியம் கொதிக்கும்போது படிந்துவிடும். சல்பேட், குளோரைடாக இருந்தால் படியாது. பாத்திரத்து அடியில் படிந்ததைக் கொஞ்சம் சுரண்டி அதன்மேல் வினிகர் விட்டால் குமிழ் பொங்கும்.

ஒரு பையன் தன் தெருவில் பதினொரு வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, வீட்டு எண் போட்டு, சொட்டுக் கணக்கைத் தெரு வரைபடத்தில் குறித்தான். பக்கத்துப் பக்கத்து வீட்டு போர்களுக்குள் இருந்த வித்தியாசத்தைப் பார்த்து அவன் அப்பாவே அசந்துபோனார். அந்த வரைபடம் இன்னும் எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். நுரை வருகிறது என்பதால் தண்ணீர் குடிக்க நல்லது என்று அர்த்தமில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் தீர்ப்பு வந்தது. குரோமியம் போன்றவற்றைச் சோப்பாலோ கண்ணாலோ கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனைதான் வழி.

கடுக்காய் மை

தோல் என்றதும் இது. குரோமியம் வருவதற்கு முன்னால் தோலைப் பதப்படுத்தியது மரப்பட்டையும் காயும்தான்: ஆவாரம்பட்டை, கடுக்காய். இன்றும் அந்த முறை முழுக்கப் போய்விடவில்லை. இவற்றில் இருக்கும் டானின் என்ற பொருள் தோலில் உள்ள புரதத்தைப் பிடித்துக் கெட்டியாக்குகிறது. கொய்யாப் பிஞ்சைக் கடித்ததும் நாக்கு இழுத்துப்பிடித்து வறண்டுபோகிறதே, அங்கேயும் டானின் நம் எச்சிலின் புரதத்தைப் பிடிக்கிறது. நாம் அதற்கு வைத்த பெயர் துவர்ப்பு. வேலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு அறிவியல் சொல்லித்தர இதைவிடப் பக்கத்தில் இருக்கும் பொருள் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் முன்னாலேயே தொடங்க வேண்டும். துருப்பிடித்த ஆணி பத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றி வையுங்கள். வாயு வரும், அதனால் மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்தால் போதும். அடுத்து ஐந்து கடுக்காயை அம்மிக்குழவியால் தட்டி, கொட்டையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். டீ நிறத்தில் ஒரு கஷாயம் கிடைக்கும்.

கஷாயத்தைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி, பிள்ளைகளை நெருங்கி வரச் சொல்லி, ஆணி ஊறிய வினிகரை ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் புகைபோல ஒரு கருநீலம் சுருண்டு கீழே இறங்கும். இரண்டாவது சொட்டில் பாதிக் கிளாஸ் கறுக்கும். ஐந்தாவதில் மறுபக்கம் வைத்த விரல் தெரியாது. எத்தனை வருடம் செய்தாலும் அந்த முதல் சொட்டை நானும் குனிந்துதான் பார்க்கிறேன்.

டானினும் இரும்பும் சேர்ந்த கறுப்பு அது. தென்னை ஈர்க்கைச் சீவி அதில் தொட்டு எழுதினால் எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் நன்றாகக் கறுக்கும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு வைத்தால் நிறம் வெளுக்கும். பழைய இரும்பு அரிவாள்மனையில் நெல்லிக்காய் நறுக்கினால் கறை பிடிப்பதும் இதனால்தான்.

இனி ஒன்றை மாற்றும் வேலை. இரும்பு நீர் அதே ஐந்து சொட்டு. கடுக்காய்க் கஷாயத்துக்குப் பதில் டீ டிகாக்‌ஷன், மாதுளைத் தோல் வேகவைத்த நீர், மாவிலைக் கஷாயம், ஆவாரம்பட்டைக் கஷாயம், சர்க்கரைத் தண்ணீர், அரிசி கழுவிய நீர் என்று வைத்துப் பாருங்கள். கறுப்பது எது, கறுக்காதது எது என்று பிள்ளைகளே பட்டியல் போடட்டும். துவர்க்கும் பொருள்தான் கறுக்கிறது என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். மை துணியில் பட்டால் போகாது, பள்ளிச் சீருடையில் செய்ய வேண்டாம்.

கத்தரிக்காய் ஏன் கறுக்கிறது

எங்கள் அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் புவிசார் குறியீடு வாங்கியது. முள் குத்தாமல் காம்பை அறுக்க வீட்டில் யாராவது சொல்லித்தருவார்கள். நறுக்கியதும் தண்ணீரில் போடுவதுதான் எல்லா அம்மாக்களும் செய்வது. ஏன் என்று சோதிப்போம்.

ஒரே காயிலிருந்து ஒரே அளவு வில்லை நான்கு. ஒன்று வெறும் தட்டில், ஒன்று தண்ணீரில், ஒன்று உப்புத் தண்ணீரில், ஒன்று எலுமிச்சை பிழிந்த தண்ணீரில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம் நிறத்தைக் குறியுங்கள். காயை வெட்டும்போது செல் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் (வேதி மாற்றத்தை வேகப்படுத்தும் பொருள்) பீனால் வகைப் பொருள்களும் சந்திக்கின்றன. காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தால் பழுப்பாகிறது. தண்ணீர் காற்றைக் குறைக்கிறது, எலுமிச்சையின் அமிலம் நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. சிலர் புளித்தண்ணீரில் போடலாமா என்பார்கள். சமையலுக்குச் சரி, சோதனைக்கு வேண்டாம். புளியின் நிறமே காயில் ஏறும், எது கறுப்பு எது புளி என்று பிரிக்க முடியாது.

எலுமிச்சை பேட்டரி பற்றி எல்லோரும் கேட்பதால் ஒரு வார்த்தை. ஒரு பழத்தில் செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்தினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். டார்ச் பல்பு எரியவே எரியாது. நான்கு பழத்தை வரிசையாகக் கோத்து, சின்னச் சிவப்பு எல்.இ.டி.யை இருட்டறையில் வைத்தால் மங்கலாக எரியும். கால் மாற்றி வைத்தால் எரியாது, திருப்பிப் போட்டுப் பாருங்கள். உப்பு நீரில் முட்டை மிதக்கவைப்பது மிக எளிது, மூன்றாம் வகுப்புப் பிள்ளையே செய்யும். எத்தனை ஸ்பூனில் மிதக்கிறது என்று எண்ணச் சொன்னால் போதும்.

வெயிலைப் பயன்படுத்துவோம்

ஏப்ரல், மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது புதிதல்ல. ஊரையே வெயிலூர் என்கிறோம். அந்த நாள்களில் இரண்டு தண்ணீர் பாட்டிலில் ஒரே அளவு நீர் ஊற்றி, ஒன்றில் காய்ந்த பருத்தித் துணியும் மற்றதில் நனைத்த துணியும் சுற்றி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். நனைந்த துணி காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். எது குளிர்ந்திருக்கிறது என்று கையே சொல்லிவிடும். அளக்க வேண்டுமானால் அறை வெப்பம் காட்டும் தெர்மாமீட்டர் வாங்குங்கள். காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது உடல் வெப்பத்தை ஒட்டிய சில டிகிரிகளை மட்டும்தான் காட்டும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையின் கதையும் இதுதான்.

இதையே நவம்பரில், மழை பிடித்த ஒரு நாளில் திரும்பச் செய்யுங்கள். இரண்டு பாட்டிலுக்கும் வித்தியாசம் மிகவும் குறைந்திருக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் துணி காயவே மாட்டேன் என்கிறது. கடலோரச் சென்னையில் ஏர்கூலர் நம் ஊர் அளவுக்கு ஏன் வேலை செய்வதில்லை என்பதும் அப்போது புரியும். மே மாத நோட்டுப் பக்கத்தைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெயிலில் இன்னொன்று, இதற்கு நாள் பார்க்க வேண்டும். நம் ஊர் கிட்டத்தட்ட 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு நிழலே விழாது. பள்ளி மைதானத்தில் சமதளமான இடத்தில் வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் ஒரு உருளை டப்பாவை நிறுத்துங்கள். சின்னக் குமிழ் அளவுக்கு மட்டும் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலைப் படுக்கவைத்துக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தால் தரை சமமா என்று தெரிந்துவிடும். 11:45 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைப் பென்சிலால் குறியுங்கள். வேலூரில் ஏப்ரலில் 12:12 மணி வாக்கிலும், ஆகஸ்டில் 12:17 மணி வாக்கிலும் நிழல் டப்பாவுக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொள்ளும். பன்னிரண்டு மணிக்கே ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. வேலூர் அதற்கு மேற்கே 79 டிகிரியில் இருக்கிறது. சூரியன் நம்மிடம் வர அந்தச் சில நிமிடம் ஆகிறது. சூரியனை யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது, கண்கள் தாளை மட்டும் பார்க்கட்டும்.

மற்ற நாள்களிலும் இதைச் செய்யலாம். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நொடியில் அது காட்டும் கோடு தெற்கு வடக்கு. அந்தக் கோட்டைச் சுண்ணாம்பால் மைதானத்தில் வரைந்துவைத்தால் வருடம் முழுக்க உதவும். நம் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும், வானத்தில் எதையும் குறிவைக்க இதே வடக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொன்னால் பிள்ளைகள் அந்தக் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18 அன்று மேகம் மூடிக்கொண்டால் கவலை வேண்டாம். 17-ம் தேதியும் 19-ம் தேதியும் செய்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்குத்தான் நிழல் இருக்கும். முதல் நாளே டப்பா, தாள், கடிகாரம் மூன்றையும் எடுத்துவைத்துவிடுங்கள், 11:45 மணிக்குத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.